காசாம்புவின் கை

கையை விடுங்கள். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், விட்டுவிடுங்கள். பஸ் ஸ்டாண்டுச் சுவரில் போஸ்டரைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள், திரும்பவும் போஸ்டரைப் பார்த்தீர்கள். அப்போதே நினைத்தேன், இந்த அம்மா என் பக்கத்தில்தான் வந்து உட்காரும், உட்கார்ந்ததும் கையைத்தான் பிடிக்கும் என்று. எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். முகத்தை யாரும் பார்ப்பதில்லை.

ஆமாம், நான்தான். ‘உப்பங்கரை’ படத்தில் காசாம்புவாக வந்தவள். பேபி சுகந்தி. ஐம்பத்தாறு வயதாகிறது, இன்னும் பேபிதான்.

எழுந்து போகாதீர்கள், கோபம் இல்லை. வேளாங்கண்ணி வரைக்கும்தானே வருகிறீர்கள்? நான் நாகப்பட்டினம் போய் ரயில் பிடிக்க வேண்டும். நேற்று உங்கள் வேதாரண்யத்தில் பள்ளிக்கூட ஹாலில் படம் போட்டார்கள், அதற்குத்தான் வந்தேன். பழைய பிரதியைச் சுத்தம் செய்து புதிதாக்கியிருக்கிறார்கள். நீங்கள் வரவில்லையா? நல்லதுதான். வந்திருந்தால் நீங்களே ஒரு மாதிரி சொல்லிக்கொண்டு வருவீர்கள்.

சின்ன வயதில் பார்த்தது, கதை நினைவில்லை என்கிறீர்கள். ஆனால் கை நினைவிருக்கிறது. சரி. உப்பள முதலாளி மகள் ஒருத்தி, உப்பு வாருகிறவள் மகள் ஒருத்தி, இரண்டு பேருக்கும் பத்து வயது, சிநேகிதம். முதலாளி பிரிக்கிறார். ஒரு நாள் அந்தப் பணக்காரப் பெண் கழிமுகச் சேற்றில் மாட்டிக்கொள்கிறாள், இடுப்பு வரைக்கும் இறங்கிவிடுகிறாள். அப்போது ஒரு கை வரும். கறுப்பாக, ஈரமாக. திரை முழுக்க அந்தக் கைதான். அந்த வெள்ளைக் கையைப் பிடித்து இழுக்கும். தியேட்டரில் அழாத ஆள் கிடையாது. அந்தக் காட்சிக்காகத்தான் எனக்குச் சிறந்த குழந்தை நட்சத்திரம் என்று பரிசு கொடுத்தார்கள். என் மாமியார் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் பெண் கேட்டு வந்தார். ‘அந்தக் கை நம்ம வீட்டுல வெளக்கேத்தணும்’ என்றார். 

அது என் கை இல்லை.

பார்த்தீர்களா, உடனே குனிந்து பார்க்கிறீர்கள். இது என் கைதான். படத்தில் வருவதுதான் என்னுடையது இல்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, என் பெண்ணிடம்கூட. உங்களிடம் ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் வேளாங்கண்ணியில் இறங்கிவிடுவீர்கள்.

என் நிறத்தைப் பாருங்கள். இப்போதாவது வெயில் பட்டுக் கொஞ்சம் மங்கியிருக்கிறது, அப்போது எலுமிச்சம்பழம் மாதிரி இருப்பேன். டைரக்டர் சாருக்கு என் கண் பிடித்திருந்தது. நிறத்தைப் பூசிக்கொள்ளலாம் என்றார். அந்தக் காலத்தில் அப்படித்தான், ஒருத்தரும் தப்பு என்று சொல்லவில்லை. மேக்கப் பரமசிவம் அண்ணன் கெட்டிக்காரர். கறுப்பு என்றால் கரியை அப்புவது இல்லை, இந்த ஊர் வெயிலில் வேகிற கறுப்பு வேண்டும் என்பார். அதில் சிவப்பு ஓடும், நீலம் ஓடும், கணுவில் சாம்பல் பூத்திருக்கும் என்பார். அளவுக்கு ஆள் வேண்டும் என்று உப்பளத்துக் காலனியிலிருந்து ஒரு பெண்ணை வரச் சொன்னார்கள். என் வயது, என் உயரம். தினமும் காலை ஆறு மணிக்கு வந்து நாற்காலி பக்கத்தில் நிற்பாள். கையை நீட்டுவாள். அண்ணன் கிண்ணத்தில் குழைத்து என் கையில் ஒரு கோடு போடுவார், அவள் கையோடு சேர்த்து வைத்துப் பார்ப்பார். ‘இன்னும் ஒரு சொட்டு’ என்பார். அவளும் குனிந்து பார்ப்பாள். சில நாள் அவளே சொல்வாள், ‘செவப்பு பத்தலண்ணே.’ சரியாகத்தான் இருக்கும்.

அவள் பேர்தான் காசாம்பு.

கதையில் என் பேர் வள்ளி. இரண்டாவது நாளோ மூன்றாவது நாளோ, அவளுடைய அம்மா பாத்தி வரப்பில் நின்று ‘ஏ காசாம்பூ’ என்று கூப்பிட்டார்கள். அந்த வெட்டவெளியில் அது போய்க்கொண்டே இருந்தது. டைரக்டர் சார் அப்படியே நின்றுவிட்டார். ‘இதுதான்யா பேரு. மண்ணோட பேரு’ என்றார். அன்று மத்தியானத்திலிருந்து வள்ளி போய் நான் காசாம்பு.

அப்புறம் ஒரு சங்கடம். மைக்கில் ‘காசாம்பு ரெடியா?’ என்று கேட்டால் இரண்டு பேரும் ஓடி வந்து நிற்போம். நான் வந்தால் சரி. அவள் வந்தால் எல்லாரும் சிரிப்பார்கள். பரமசிவம் அண்ணன்தான் வழி சொன்னார். ‘கா-வ நடிக்கிற பாப்பாவுக்குக் குடுத்தாச்சு. மிச்சம் என்ன இருக்கு, சாம்பு. நீ எனக்கு சாம்பிள்தானே? இனிமே சாம்பிள்னு கூப்பிட்டா நீ வா.’ யூனிட்டே சிரித்தது. அவளும் சிரித்தாள். நாற்பது நாள் அவள் சாம்பிள்தான். ‘சாம்பிள் வந்தாச்சா?’ ‘சாம்பிளுக்கு டிபன் குடு.’ பிரியமாகத்தான் கூப்பிட்டார்கள்.

எனக்கு அவள் மேல் உயிர். என் பிஸ்கட்டில் பாதி கொடுப்பேன், அம்மா பார்க்காதபோது. அவள் எனக்கு நடை சொல்லிக் கொடுத்தாள். உப்புக் குத்துவதால் அவர்கள் பாதத்தின் ஓரத்தை ஊன்றி நடப்பார்கள், பாருங்கள், அந்த நடை. விமரிசனத்தில் அதைக்கூடப் பாராட்டி எழுதினார்கள், குழந்தை எவ்வளவு கவனித்திருக்கிறது என்று. அவள் எத்தனையாவது படிக்கிறாள், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், அதெல்லாம் நான் கேட்டதில்லை. சிநேகிதிகளுக்குள் அதெல்லாம் எதற்கு?

ஜன்னலைக் கொஞ்சம் சாத்துகிறீர்களா? உப்புக் காற்று கண்ணில் அடிக்கிறது. ம், போதும்.

சேற்றுக் காட்சி எடுக்க வந்தபோது பூச்சு நிற்கவில்லை. கழிமுகத் தண்ணீர் பட்டதும் கரைந்து அந்தப் பணக்காரப் பெண்ணின் வெள்ளைக் கையெல்லாம் கறுப்பாகிவிட்டது. மூன்று தடவை எடுத்தார்கள், மூன்று தடவையும் அப்படியே. டைரக்டர் சார் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்புறம் ‘சாம்பிளைக் கூப்பிடு’ என்றார்.

அவளை மல்லாக்கப் படுக்கவைத்துத் தலையைச் சட்டகத்துக்கு வெளியே வைத்து, கையை மட்டும் உள்ளே விட்டார்கள். பன்னிரண்டு தடவை எடுத்தார்கள். உப்பு வாருகிற கை, வெடிப்பு வெடிப்பாக இருக்கும். அதற்குள் அந்தத் தண்ணீர் போனால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு சத்தம் இல்லை. நான் துண்டைப் போர்த்திக்கொண்டு கேமராவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ‘அடேயப்பா, அந்தக் கையே நடிக்குதுய்யா’ என்று டைரக்டர் சார் சொன்னார். அவளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். ‘கடைசி நாள் பள்ளிக்கூட வரிசை எடுக்கறோம், அதுல இவ பக்கத்துல நீ நில்லு. ஒன் மூஞ்சி தெரியற மாதிரி வைக்கறேன்’ என்றார். 

அந்த நாளுக்கு அவள் தலையில் எண்ணெய் வைத்து, ரிப்பன் கட்டி வந்தாள். யாரிடமோ வாங்கிய ரிப்பன். என் பக்கத்தில் நின்றாள். உப்பளத்துப் பிள்ளைகள் பதினைந்து பேரும் வரிசையில் நின்றார்கள். வெயில் நன்றாக விழுந்தது. ஒரு உதவியாளர் கண்ணாடிப் பலகையைப் பிடித்திருந்தார், அதில் நாங்கள் இரண்டு பேரும் தெரிந்தோம். அவளையும் என்னையும் பார்த்தேன்.

நான் உண்மையைத்தான் சொன்னேன். பத்து வயதுக் குழந்தைக்கு வேறென்ன தெரியும்? ‘அங்கிள், இவ பக்கத்துல நின்னா எனக்குப் பூசினது தெரியுது’ என்றேன். அவ்வளவுதான். அவளைப் போகச் சொல் என்று நான் சொல்லவில்லை. அம்மாகூடத் திட்டினாள், பெரியவர்கள் வேலையில் பேசாதே என்று. டைரக்டர் சார் கேமராவில் கண்ணை வைத்துப் பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார். ‘குழந்தை சொல்றது சரிதான்’ என்றார்.

அவளை மட்டும் அனுப்பினால் மற்றப் பிள்ளைகள் பக்கத்திலும் நான் அப்படித்தானே தெரிவேன்? அதனால் எல்லாரையும் அனுப்பிவிட்டார்கள். டவுனிலிருந்து வேனில் வேறு பிள்ளைகளைக் கொண்டுவந்து எல்லாருக்கும் பூசினார்கள். ஒருத்தர் மேல் ஒருத்தர் பட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று ஒரு முழம் விட்டு விட்டு நிற்கச் சொன்னார்கள். அந்த இடைவெளியைப் பற்றி ஒரு பத்திரிகையில் ஒன்றரைப் பக்கம் எழுதினார்கள். அது நம் சமூகத்தின் இடைவெளியாம். மை ஒட்டாமல் இருக்க விட்டது.

அன்று முழுக்க அவள் உப்புக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. மறுநாள் விட்டுப்போன இரண்டு ஷாட் எடுக்க வேண்டியிருந்தது. வரமாட்டாள் என்று நினைத்தேன். ஆறு மணிக்கு வந்தாள், நாற்காலி பக்கத்தில் நின்றாள், கையை நீட்டினாள்.

அதை விடுங்கள்.

அதற்குப் பிறகு எனக்கு வாய்ப்பே வரவில்லை தெரியுமா? தயாரிப்பாளர்கள் நேரில் பார்த்துவிட்டு, ‘அட, நல்ல செவப்பா இருக்கே, நாங்க கறுப்புப் பொண்ணுன்னுல்ல நெனச்சோம்’ என்பார்கள். இரண்டு படம், அதுவும் கூட்டத்தில். அப்புறம் படித்தேன், டெலிபோன் ஆபீசில் வேலை. அங்கேயும் காசாம்பு மேடம்தான். ரேஷன் கடையில், கல்யாண வீட்டில், யாராவது ‘காசாம்பு’ என்றால் திரும்பிவிடுவேன். இப்போதும் காலையில் முகம் கழுவும்போது தண்ணீரைப் பார்ப்பேன், கறுப்பாக இறங்குகிறதா என்று. இறங்காது. இறங்கவில்லையே என்று ஒரு நிமிஷம் பயமாக இருக்கும். உங்களுக்கு இது புரியாது. எனக்கே புரியவில்லை.

போன மாதம் ஒரு போன். ‘மேடம், நான் முத்தரசி பேசறேன், வேதாரண்யம், காலேஜ்ல வேலை பார்க்கறேன்.’ நல்ல குரல். படம் போடப் போகிறோம், பேச வேண்டும் என்றாள். என்ன தலைப்பு என்றேன். ‘பழைய படங்கள்ல பன்முகத்தன்மையும் பிரதிநிதித்துவமும்.’ எனக்குத் தெரிந்த பிரதிநிதி எல்லாம் ஓட்டுக் கேட்டு வருகிறவர்தான் என்றேன். சிரித்தாள். பிறகு கேட்டாள், ‘உப்பளத்தைப் பத்தின படம். அதுல உப்பளத்துப் பிள்ளை ஒண்ணோட முகம்கூட இல்லையே மேடம்?’

‘எல்லாரும் உப்பளத்துப் பிள்ளைங்களாத்தானேம்மா வர்றாங்க’ என்றேன்.

பிறகு மெதுவாகச் சொன்னாள். ‘எங்க அம்மா பேரும் காசாம்புதான் மேடம்.’

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அவள் பாட்டுக்குச் சொல்கிறாள். சின்ன வயதில் வீட்டு டிவியில் அந்தப் படம் ஓடியதாம், சேற்றுக் காட்சியில் அவள் அம்மா ‘அது என் கை’ என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டார்களாம். விளையாட்டுக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்தாளாம். இப்போது புதுப் பிரதியில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் சுண்டு விரல் ஓரத்து வெட்டுத் தழும்பு தெரிகிறதாம். ‘சண்டை போட வரல மேடம். நீங்க மேடையில ஒரே ஒரு வரி சொன்னா போதும். எங்க அம்மா முன்னாடி உட்கார்ந்திருப்பாங்க. அவங்க காதால கேக்கணும்.’

என்ன வரி என்றேன். எழுதிக்கொள்ளச் சொன்னாள். எழுதிக்கொண்டேன். ‘சேற்றுக் காட்சியில் வருவது காசாம்புவின் கை.’ ஐந்து வார்த்தை.

நீங்களே சொல்லுங்கள். அந்தப் படத்தில் என் குரல் என்னுடையது இல்லை, யாரோ ஒரு பெண் டப்பிங் பேசியது. நிறம் பரமசிவம் அண்ணன் குழைத்தது. நடை அவள் சொல்லிக் கொடுத்தது. பேரும் அவளுடையது. கையையும் கொடுத்துவிட்டால் அந்தப் படத்தில் நான் எங்கே இருக்கிறேன்? ஒரு மாதம் இதையே யோசித்தேன். வராமலே இருந்திருக்கலாம். ஆனால் வந்தேன், பாருங்கள். அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

ஹால் வாசலிலேயே காசாம்பு நின்றிருந்தாள். மெலிந்துபோய், முடி முக்கால்வாசி நரைத்து. ‘என்னைத் தெரியுதா?’ என்றேன்.

‘தெரியாம? என்னய மாதிரியே இருந்த பொண்ணுதானே நீ’ என்றாள். மேலும் கீழும் பார்த்தாள். ‘இப்ப வெளுத்துட்டியே. அவ்வளவு கறுப்பையும் எங்க வச்சே?’

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ‘எல்லாம் அங்கேயே கழுவிட்டுப் போயிட்டேன்’ என்றேன். ‘அதானே, தண்ணி ஒங்களுக்கு லாரியில வந்துச்சு’ என்றாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். அவள் எப்போதும் அப்படித்தான்.

மேடையில் சால்வை போட்டார்கள், மாலை போட்டார்கள். முத்தரசி மைக்கை என் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள். முன் வரிசையில் அவள் அம்மா. கையை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிடும்போது உட்காருவார்களே, அப்படி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

நான் சொன்னேன். சத்தியமாகச் சொன்னேன். ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. ‘சேற்றுக் காட்சியில் வருவது காசாம்புவின் கை’ என்றேன்.

ஹாலே எழுந்து கை தட்டியது. ‘காசாம்பு, காசாம்பு’ என்று பின்னால் பையன்கள் கத்தினார்கள். என்னைப் பார்த்துத்தான் கத்தினார்கள். ஒருவன் ‘கையைக் காட்டுங்க மேடம்’ என்றான். கூட்டம் கேட்கும்போது என்ன செய்வது? தூக்கிக் காட்டினேன்.

முத்தரசி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கைதட்டல் அடங்கியது. ‘மேடம், இன்னும் ஏதாவது...’ என்றாள், மைக்கில் விழாமல்.

‘இவ்வளவுதானேம்மா சொல்லச் சொன்னே’ என்றேன்.

அவளைக் கை நீட்டிக் காட்டியிருக்கலாம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். உங்கள் முகத்தில் தெரிகிறது. ஒருத்தரை மேடையிலிருந்து விரல் நீட்டிக் காட்டுவது மரியாதையா, சொல்லுங்கள். அவர்கள் எழுதிக் கொடுத்த வரியில் அது இல்லை. அவளுடைய காதில் விழ வேண்டும் என்றார்கள், விழுந்தது. அவள் பேர், அவள் கை. பொய் எதுவும் நான் சொல்லவில்லை.

திருப்பூண்டி தாண்டிவிட்டோமா? வேளாங்கண்ணி வந்துவிடும். கொஞ்சம்தான் இருக்கிறது, கேளுங்கள்.

பகல் மூன்று மணி, ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டிப் படத்தைப் போட்டார்கள். அவளுக்கு எனக்கு அடுத்த நாற்காலி. அவளிடமிருந்து தேங்காய் எண்ணெய் வாசனை வந்தது. சேற்றுக் காட்சி வந்தது. கை நீண்டு வந்தது. புதுப் பிரதியில் எல்லாம் தெரிகிறது, அந்தப் பெண் சொன்ன மாதிரியே. வெடிப்பு, தழும்பு, நகத்தடியில் உப்பு. ஹால் முழுக்கத் தட்டினார்கள். பின் வரிசையிலிருந்து யாரோ என் தோளைத் தொட்டார்கள். நான் பக்கத்தில் திரும்பவில்லை. திரும்பாமலே தெரிந்தது, அவள் திரையைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்து என் முகம் வரும், பெரிதாக, பல்லும் கண்ணுமாக. அது வந்தபோது அவள் எழுந்தாள். வெளிச்சத்தின் நடுவில் நின்றுவிட்டாள், பழக்கமில்லை போலிருக்கிறது. அவள் தலையின் நிழல் திரையில் என் முகத்தின் மேல் விழுந்தது. முகமே தெரியவில்லை, நிழல்தான். ‘குனிஞ்சு போங்கம்மா, மறைக்குது’ என்று பின்னாலிருந்து சத்தம் போட்டார்கள். ஒரு நொடி அப்படியே நின்றாள். பிறகு குனிந்து, நாற்காலிகளைப் பிடித்துக்கொண்டு, பாதத்தின் ஓரத்தை ஊன்றி நடந்து போனாள். கதவு திறந்தது, வெயில் உள்ளே வந்தது, மூடியது. ‘அம்மா’ என்று முத்தரசி மெதுவாகக் கூப்பிட்டது கேட்டது. அவளும் பின்னாலேயே போனாள் என்று நினைக்கிறேன்.

பாத்ரூம் போயிருப்பாள், வந்துவிடுவாள் என்று இருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்தேன். படத்தில் அந்தப் பள்ளிக்கூட வரிசை வந்துவிட்டது, ஒரு முழம் விட்டு ஒரு முழம் நிற்கிறோம், பதினாறு பேரும். என் கைப்பை மடியில் கனத்துக்கொண்டிருந்தது, சால்வையும் மாலையும் அதற்குள்தான் திணித்திருந்தேன். அதை எடுத்துப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு மீதிப் படத்தைப் பார்த்தேன்.